கண்ணாடி நார் விமானங்களின் முதுமை

இரும்புப் பாலம் ஒன்று மூப்படைவதைக் கண்ணாற் காணலாம். துருப் படியும், பொருத்துவாய்கள் நெகிழும். மரத்தூண் ஒன்று உளுத்துப் போவதையும் அதன் அடியில் உதிரும் தூளே அறிவித்துவிடும். ஆனால், கண்ணாடி நாரையும் பிசினையும் கொண்டு வார்க்கப்பட்ட சிறு விமானம் ஒன்று முப்பது ஆண்டுகள் பறந்த பின்னரும் நேற்று வாங்கிய பீங்கான் போலப் பளபளத்து நிற்கக் கூடும். அதிலே தறையாணி இல்லை. துரு ஏற இடமில்லை. தகடும் தகடும் பொருந்தும் விளிம்பு என்று ஒன்றும் இல்லை. அதனைச் சுற்றி வந்து பார்ப்பவருக்கு அதன் வயது புலப்படுவதில்லை. அது எதனாலே தேய்கின்றது, எதனாலே தேய்வதில்லை, தேய்ந்ததை அறியும் வழி யாது என்பன விமானக் கழகங்களிலும் பறத்தற் பாடசாலைகளிலும் அடிக்கடி எழும் வினாக்கள். அவற்றுக்குக் கிடைக்கும் விடையை நம்பியே ஒரு மாணவன் அவ்விமானத்தில் ஏறி அமர்கின்றான்.

கூட்டுப்பொருள் என்பது புதுமையான கருத்தன்று. மண்ணைக் குழைத்துச் சுவர் வைப்பவர் அதிலே வைக்கோலைச் சேர்த்து மிதிப்பது பழைய வழக்கம். மண் தனியே நின்றால் வெடிக்கும். வைக்கோல் தனியே நின்றால் வளையும். இரண்டுஞ் சேர்ந்தால் சுவர் நிற்கும். விமானத்தில் வைக்கோலின் இடத்தைக் கண்ணாடி நாரோ கரி நாரோ பிடிக்கின்றது. மண்ணின் இடத்தைப் பொலியெஸ்டர், எப்பொக்சி முதலிய செயற்கைப் பிசின்கள் பிடிக்கின்றன. இழுவிசையைத் தாங்குவது நார். அந்த நார்களை நேராகவும் நெருக்கமாகவும் பிடித்து வைத்து, ஒன்றின் சுமையை மற்றொன்றுக்குக் கடத்துவது பிசின். இவ்விரண்டில் நார் எளிதில் மூப்படைவதில்லை. மூப்பு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பிசினின் மூப்பும், பிசினாலும் பசையாலும் ஒட்டப்பட்ட மூட்டுகளின் மூப்புமேயாம்.

ஒட்டுவேலையை நம்பிப் பறப்பதால் வரும் இடரை உலகம் முதன்முதலாகப் பெரிய அளவிற் கண்டது இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில். பிரித்தானியரின் மொஸ்கிற்றோ விமானம் மெல்லிய பேர்ச் மரப்பலகைகளுக்கு இடையே பால்சா என்னும் இலேசான மரத்தை வைத்து ஒட்டிச் செய்யப்பட்டது. இன்றைய கூட்டுப்பொருள் விமானத்தின் பாட்டனார் என்று அதனைச் சொல்வது தகும். 1944ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலே இவ்விமானங்கள் சில ஆகாயத்திலேயே உடைந்து வீழ்ந்தன. பறத்தல் நிறுத்தப்பட்டது. பழி உடனே வெப்பவலயத்தின்மேல் விழுந்தது. ஈரமும் வெயிலும் பசையைக் கெடுத்துவிட்டன என்றனர் சிலர். டி ஹவிலண்ட் நிறுவனத்திலிருந்து சென்ற குழுவோ, பசை கெடவில்லை, பருவமழைக் காலத்தில் விமான உடல் சுருங்கியதே காரணம் என்றது. அதன் பின்னர் நடந்த விசாரணை வேறு முடிவுக்கு வந்தது. குறை தொழிற்சாலையிலே நேர்ந்தது. மூட்டுகள் சரிவரப் பொருத்தி ஒட்டப்படவில்லை என்பதே அம்முடிவு. இங்கிலாந்திலேயே இருந்த, பருவமழையின் ஒரு துளியையும் காணாத விமானங்களைச் சோதித்தபோது அவற்றிலும் அதே குறை காணப்பட்டது. காலநிலையின்மீது சுமத்தப்பட்ட குற்றம் கைவேலையின்மீது போய் நின்றது.

இந்தப் பழைய வழக்கை இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. கூட்டுப்பொருள் விமானங்களின் தேய்வைப் பற்றிப் பின்னர் எழுந்த ஐயங்கள் பலவற்றிலும் இதே குழப்பம் தலைகாட்டுகின்றது. வெயில் கெடுத்ததா, பறந்த மணித்தியாலங்கள் கெடுத்தனவா, அன்றித் தொடக்கத்திலேயே சரிவர ஒட்டப்படவில்லையா என்பதைப் பிரித்தறிவது இலகுவான காரியமன்று.

கண்ணாடி நாரால் ஆகிய முதலாவது கிளைடர், அதாவது இயந்திரமின்றிக் காற்றிலே மிதந்து செல்லும் விமானம், ஜேர்மனியில் ஸ்டுட்காட் பல்கலைக்கழக மாணவர் விமானக் குழுவின் சூழலிற் பிறந்தது. ஹேர்மன் நேகலே, றிச்சட் எப்ளர் என்னும் இருவர் வகுத்த அந்தக் கிளைடருக்குப் பீனிக்ஸ் என்று பெயர். 1957ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 27ஆந் திகதி அது முதன்முறை பறந்தது. அவர்கள் கண்ணாடி நாரை நாடியதற்கு முதற் காரணம் வலிமையன்று, வழவழப்பு. மரச் சிறகிலும் உலோகச் சிறகிலும் பெற முடியாத நுட்பமான வளைவை அச்சிலே வார்த்தெடுக்கலாம் என்பதே அவர்களைக் கவர்ந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ஜேர்மனியக் கிளைடர்த் தொழில் மரத்திலிருந்து கண்ணாடி நாருக்கு மாறத் தொடங்கிவிட்டது.

அப்பொழுது அரசாங்க அதிகாரிகள் முன் ஒரு சிக்கல் எழுந்தது. இப்பொருள் எத்தனை காலம் தாங்கும் என்று எவருக்குந் தெரியாது. உலோகத்தைப் பற்றி ஓரளவு தெரிந்திருந்தது. அலுமினியக் கலப்புலோகம் ஒவ்வொரு வளைவுக்கும் சிறிது சிறிதாகச் சோர்வடையும். தறையாணித் துளையின் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தோன்றும். அது மெல்ல நீளும். பின்னர் ஒருநாள் ஒரேயடியாகப் பிளந்துவிடும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டு ஒஸ்திரியாவில் பிளானிக் என்னும் உலோகக் கிளைடர் ஒன்றின் சிறகு பறக்கும்போதே பிரிந்து இருவர் மாண்டனர். உலகெங்கும் அவ்வகைக் கிளைடர்கள் தரையில் நிறுத்தப்பட்டன. 2018ஆம் ஆண்டு ஏப்பிரில் 4ஆந் திகதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 7,690 மணித்தியாலம் பறந்திருந்த பைப்பர் பயிற்சி விமானம் ஒன்று இடது சிறகை இழந்து வீழ்ந்தது. ஒரு மாணவரும் ஒரு பரீட்சகரும் உயிரிழந்தனர். சிறகைத் தாங்கும் உத்தரத்தில் உலோகச் சோர்வால் விளைந்த வெடிப்புகள் காணப்பட்டன.

கண்ணாடி நாருக்கும் இவ்விதி பொருந்துமோ என்று அறியாத நிலையில், ஜேர்மனிய அதிகாரிகள் முதலில் 3,000 மணித்தியாலம் என்று எல்லை வகுத்தனர். பின்னர் சிறகுகளைச் சோதனைச்சாலையிற் பொருத்தி, பறத்தலில் நேரும் குலுக்கங்களையும் வளைவுகளையும் இரவும் பகலும் இயந்திரத்தால் ஊட்டிப் பார்த்தனர். பிறவுன்ஸ்வைக் நகரில் இவ்வாராய்ச்சி பல்லாண்டு நடந்தது. அவுஸ்திரேலியாவிலே மெல்பேண் தொழில்நுட்ப நிறுவனத்திலும் ஜானுஸ் என்னும் இருவர் கிளைடரின் சிறகு இவ்வாறே ஆட்டி வைக்கப்பட்டது. எதிர்பார்த்த களைப்பு வரவில்லை. விசேட பரிசோதனை ஒன்றில் தேறினால் 6,000, பின்னர் 9,000, பின்னர் 12,000 மணித்தியாலம் என எல்லை படிப்படியாக நீட்டப்பட்டது.

ஏன் களைக்கவில்லை? இரண்டு காரணங்கள் சொல்லலாம். தென்னந்தும்புக் கயிற்றில் ஓர் இழை அறுந்தால் அந்த அறுப்பு அடுத்த இழைக்குத் தாவுவதில்லை. மற்ற இழைகள் அதன் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. நாரும் பிசினும் சேர்ந்த பொருளில் வெடிப்பு ஒவ்வோர் இழையின் ஓரத்திலும் தடைப்பட்டு நிற்கின்றது. உலோகத்தகட்டில் அதற்கு அத்தகைய தடை இல்லை. இரண்டாவது காரணம், கண்ணாடி நார் வலிமையில் மிக்கது, விறைப்பிற் குறைந்தது. நீண்ட சிறகு அளவுக்கு மீறி வளையாதிருக்க வேண்டுமானால், வலிமைக்குத் தேவையானதிலும் அதிகமான நாரை அதிலே இடவேண்டும். ஆகவே அன்றாடப் பறத்தலில் அச்சிறகு தன் வல்லமையின் சிறு பங்கையே செலவிடுகின்றது. இயந்திர விமானங்களிலும் இதே தாராளம் உண்டு. 1998இல் அனுமதி பெற்ற அமெரிக்காவின் சிறஸ் விமானத்துக்கு 12,000 மணித்தியாலம் என்று ஆயுள் குறிக்கப்பட்டது. வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் பறக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கு அது நூறாண்டுக்கு மேற்பட்ட கணக்கு.

அப்படியானால் இவ்விமானங்கள் மூப்பதே இல்லையா? மூக்கின்றன. ஆனால் பறப்பதால் மூப்பதைக் காட்டிலும் நிற்பதால் மூப்பதே அதிகம். மணிக்கணக்கு எழுதும் புத்தகத்தில் இதற்கு இடமில்லை. கொட்டகையினுள் வைத்துப் பேணப்பட்ட 5,000 மணித்தியால விமானம், வெட்ட வெளியில் பதினைந்து ஆண்டு கிடந்த 800 மணித்தியால விமானத்தினும் இளமையாக இருக்கலாம். பழைய விமானம் வாங்கப் போகும் ஒருவர் முதலில் வினவ வேண்டியது எத்தனை மணித்தியாலம் பறந்தது என்பதன்று. எங்கே நின்றது என்பது.

நிற்கும் விமானத்துக்கு முதற் பகை வெயில். அரக்கு வெயிலிற் கிடந்தால் இளகுவதைப் பலர் கண்டிருப்பர். எப்பொக்சி அவ்வாறு உருகி ஓடுவதில்லை. ஆயினும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் அது கண்ணாடித் தன்மையை இழந்து தோல் போலத் துவளத் தொடங்குகின்றது. நாரை நேராகப் பிடித்துக்கொண்டிருந்த கை தளர்வது போன்றது அது. இழுக்கப்படும் பக்கம் அப்பொழுதும் ஓரளவு தாங்கும். அமுக்கப்படும் பக்கம், அதாவது பறக்கும்போது சிறகின் மேற்பக்கம், நொடிந்துவிடக் கூடும். அறை வெப்பநிலையில் இறுகிய பிசினில் இந்த எல்லை தாழ்ந்திருக்கும். வெதுவெதுப்பான அறையில் வைத்துப் பல மணித்தியாலம் பதப்படுத்தினால் உயரும். பொதுவாக இவ்வகை விமானங்களின் வலிமை 54 அல்லது 55 பாகை செல்சியஸ் வரைக்கும் சோதித்து உறுதிசெய்யப்படுகின்றது. கண்ணாடி நார் விமானங்கள் பெரும்பாலும் வெண்ணிறமாயிருப்பதன் இரகசியம் இதுதான். அது அழகுக்கு இட்ட நிறமன்று. நண்பகலில் வெண்ணிறச் சிறகு அந்த எல்லைக்கு உள்ளே நிற்க, கறுப்பு வர்ணம் பூசிய சிறகு 80 பாகையையும் எளிதிலே தாண்டிவிடும். தன் விமானத்துக்குக் கருநீலக் கோடொன்று அகலமாக இட்டால் எடுப்பாயிருக்கும் என்று எண்ணும் சொந்தக்காரர், அக்கோட்டின் கீழே உத்தரம் ஓடுகின்றதா என்று முதலில் வரைபடத்தைப் பார்ப்பது நல்லது.

ஒஸ்திரியாவிலே தோன்றிய கட்டானா என்னும் இருவர் பயிற்சி விமானத்தின் தொடக்ககால வகைகளில் ஒரு சிறிய ஏற்பாடு உண்டு. இரு ஆசனங்களின் பின்புறத்தே, சிறகின் உத்தரம் உடலைக் கடந்து செல்லும் இடத்தில், ஒரு வெப்பமானி ஒட்டப்பட்டிருக்கும். அது 55 பாகையைக் காட்டினால் அவ்விமானம் பறக்கக் கூடாது. இயந்திரம் நன்றாயிருக்கலாம், ஆகாயம் தெளிந்திருக்கலாம், விமானி ஆயத்தமாயிருக்கலாம். உத்தரம் ஆறும்வரை எல்லோரும் நிழலில் நின்று காத்திருக்க வேண்டியதுதான்.

ஒளியின் வேலை வேறு. சூரியனின் ஊதாக்கடந்த கதிர்கள் பிசினின் மூலக்கூறுகளை அறுக்கின்றன. ஆகவேதான் அதன்மேல் பூச்சு இடப்படுகின்றது. கிளைடர்களில் வழங்கும் தடித்த பொலியெஸ்டர்ப் பூச்சு காலப்போக்கிற் காரைச்சுவர் போல வெடிக்கின்றது. வெயில், உயரத்தின் கடுங்குளிர், மீண்டும் வெயில் என மாறி மாறி வருவதால் பூச்சு ஓர் அளவாகவும் அதன் கீழுள்ள சிறகு வேறோர் அளவாகவும் சுருங்கி விரிகின்றன. முதலில் அது கண்ணுக்கு மட்டுமே உறுத்தல். கவனியாது விட்டால் வெடிப்பினூடே ஈரம் இறங்கும். சில வேளைகளில் வெடிப்பே கீழுள்ள நாரடுக்கினுள்ளும் புகும். அதற்குப் பரிகாரம் பழைய பூச்சு முழுவதையும் தேய்த்து நீக்கிப் புதிது இடுவதே. சில நூறு மணித்தியாலக் கைவேலை அது. பழைய கிளைடர் ஒன்றுக்கு அச்செலவு கிளைடரின் விலையையே எட்டிப்பிடித்துவிடும். பெயின்ற் கரைக்கும் இரசாயனத்தைத் தடவிச் சுருக்கவழி தேடுவோரும் உண்டு. உலோகத்துக்கு ஆகிவரும் அந்த மருந்து பூச்சோடு பிசினையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

ஈரத்தைப் பற்றிய அச்சம் அளவுக்கு மிஞ்சியது எனலாம். பிசின் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சுவது உண்மையே. உறிஞ்சிய ஈரம் அது இளகும் வெப்பநிலையைத் தாழ்த்துவதும் உண்மையே. ஆனால் வடிவமைப்போர் அதனைக் கணக்கில் எடுத்தே வலிமையை வகுக்கின்றனர். இதனை நேரிற் சோதிக்க ஒரு வாய்ப்பும் கிடைத்தது. 1988இல் அனுமதி பெற்ற ஸ்ரார்சிப் என்னும் கரிநார் விமானம் 53 மாத்திரமே செய்யப்பட்டது. 2003இல் அதனைச் செய்த நிறுவனமே அவற்றைத் திரும்ப வாங்கி அழிக்க முற்பட்டது. அவற்றுள் பன்னிரண்டு ஆண்டளவு பறந்த ஒன்றை அமெரிக்காவின் விச்சிற்றா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெற்று, அதன் சிறகைக் கூறு கூறாக அறுத்துச் சோதித்தனர். ஈரம் ஏறியிருந்தது. வலிமை குறிப்பிடத்தக்க அளவு குன்றவில்லை. ஈரம் உண்மையிலே தீங்கு விளைப்பது இரு அடுக்குகளுக்கு நடுவேயுள்ள பால்சா மரத்தினுள்ளோ நுரைக்கட்டியினுள்ளோ நீராகப் புகும்போதுதான். திருகாணி இறக்கிய துளை ஒன்றை மூடாமல் விட்டதால் உள்ளேயிருந்த பால்சா உக்கிப்போன கிளைடர்கள் உண்டு.

இனி, எல்லாவற்றிலும் கொடியதான பகைக்கு வருவோருக்கு வியப்பு ஏற்படலாம். அது புயலன்று, மின்னலன்று. கொட்டகையில் நேரும் சிறு மோதல். உலோகச் சிறகின்மேல் ஏணி சாய்ந்தால் தகடு நெளியும். நெளிந்தது நெளிந்தபடியே கிடந்து எல்லோருக்கும் சாட்சி சொல்லும். கூட்டுப்பொருட் சிறகின்மேல் அதே ஏணி விழுந்தால் அது உள்வாங்கிப் பின் பழைய வடிவத்துக்கே மீண்டுவிடும். வெளியே ஒரு மங்கற் புள்ளி, சில வேளை அதுவுமில்லை. உள்ளேயோ அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். பூச்சில்லாத கண்ணாடி நாரிலாவது அடிபட்ட இடம் வெளுத்துக் காட்டும். கரிநார் கறுப்பு, அது எதனையும் காட்டாது.

ஒரு பறத்தற் பாடசாலையில் இது எவ்வாறு நேரக்கூடும் என்று எண்ணிப் பார்க்கலாம். தனியே பறக்க அனுமதி பெற்றுச் சில நாளேயான மாணவன் ஒருவன் விமானத்தைச் சற்றுக் கடினமாக இறக்கிவிடுகின்றான். வாற்பகுதி ஓடுபாதையைத் தொட்டது போல் அவனுக்குத் தோன்றுகின்றது. இறங்கிச் சுற்றிவந்து பார்க்கின்றான். ஒன்றும் தெரியவில்லை. சொன்னால் ஆசிரியர் கடிந்துகொள்வார்; விமானம் இரண்டு நாள் கொட்டகையிற் கிடக்கும்; பரீட்சை தள்ளிப் போகும். சொல்லாமற் போகின்றான். உலோக விமானத்தில் அடுத்து வருபவன் நெளிவைக் கண்டுவிடுவான். இந்த விமானத்தில் அடுத்து வருபவனுக்கு எதுவுங் கிடைப்பதில்லை. வடிவமைப்போர் இதனையும் நினைத்தே, கண்ணுக்குப் புலப்படாத அளவு அடிபட்ட பின்னரும் விமானம் முழுச் சுமையையுந் தாங்கவேண்டும் என்று விதித்திருக்கின்றனர். ஆனால் அந்தத் தாராளம் ஓர் அடிக்கானது. அதே இடத்தில் யாரும் சொல்லாத மூன்றாவது அடி விழும்போது அது போதுமென்று எவரும் உறுதி கூறியதில்லை. நல்ல பாடசாலைகள் சில, மோதலை உடனே சொன்ன மாணவனைத் தண்டிப்பதில்லை என்று வெளிப்படையாகவே விதி செய்திருப்பதற்குக் காரணம் இதுவே.

மறைந்த பிளவைத் தேடும் கருவிகளில் மலிவானது நாணயம். தேங்காயைத் தட்டி முற்றலா இளசா என்று அறிவது போல, பொறியாளர் ஒரு நாணயத்தின் விளிம்பால் சிறகை அங்குலம் அங்குலமாகத் தட்டிச் செல்கின்றார். ஒட்டு நன்றாயிருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்குப் பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். மெல்லிய அடுக்குகளுக்கு இது போதும். தடித்த உத்தரத்துக்கு மீயொலிக் கருவி வேண்டும். ஆயினும் ஓர் உண்மையை ஒளிக்க முடியாது. இரு பரப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தும் ஒட்டாமலிருந்தால், நாணயமும் அதனை அறியாது, மீயொலியும் அறியாது. ஒட்டியிருக்கின்றதா என்று பார்க்கக் கருவி உண்டு. எவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கின்றது என்று உடைக்காமல் அளக்க நம்பத்தக்க கருவி இதுவரை இல்லை. ஒட்டுமுன் பரப்பைத் தேய்த்துத் துடைத்த கை சுத்தமாயிருந்ததா, எண்ணெய்ப் பசை ஏதும் பட்டதா, பிசினும் இறுக்கியும் சரியான நிறையிற் கலக்கப்பட்டனவா என்பவற்றிலேயே அது தங்கியிருக்கின்றது. மொஸ்கிற்றோ விசாரணை முடிந்து பல தசாப்தங்கள் கழிந்தும் வினா அங்கேயே நிற்கின்றது.

வீட்டிலே கட்டப்படும் விமானங்களில் இவ்வினா இன்னும் கூர்மையடைகின்றது. அமெரிக்கரான பேட் றூட்டன் 1975இல் வறி ஈசி என்ற விமானத்தையும் 1979இல் லோங் ஈசி என்ற விமானத்தையும் பறக்கவிட்டார். நுரைக்கட்டியைச் சூடேற்றிய கம்பியால் சிறகின் வடிவத்துக்கு அறுத்து, அதன்மேற் கண்ணாடி நார்த்துணியை எப்பொக்சி தோய்த்துப் போர்த்துவதே முறை. அச்சு வேண்டாம், தொழிற்சாலை வேண்டாம், ஒரு மோட்டார் வாகனக் கொட்டகை போதும். வரைபடத்தை வாங்கிய பலர் கட்டி முடித்தனர். வடிவம் ஒன்றேயாயினும் ஒவ்வொரு விமானமும் ஒவ்வொருவரின் கைவேலை. அவற்றுட் பல நாற்பது ஆண்டு கடந்தும் பறக்கின்றன. பழுதான ஒன்றை ஆராய்ந்தால் பிசின் கெட்டதென்பதைவிட, பிசின் வறண்ட துணி, தவறிய கலவை, பொருந்தாத எரிபொருளால் அரிக்கப்பட்ட தாங்கி என்றே காரணம் கிடைப்பது வழக்கம். றூட்டனே வகுத்த வொயேஜர் 1986 டிசெம்பரில் எரிபொருள் நிறைந்த சிறகுகளின் முனைகளை ஓடுபாதையில் உராய்ந்து தேய்த்தபடி கிளம்பி, அந்த முனைகளை இழந்த நிலையிலேயே ஒன்பது நாளில் உலகைச் சுற்றிவந்து இறங்கியது. அது இப்பொருளின் பொறுமைக்குச் சான்று. ஒவ்வொருவரும் பரீட்சித்துப் பார்ப்பதற்கான முன்மாதிரியன்று.

பழுது பார்த்தலிலும் கைதான் முதன்மை பெறுகின்றது. உடைந்த இடத்தின்மேல் ஒரு துணித்துண்டை ஒட்டிவிடுதல் பழுதுபார்த்தலாகாது. சுற்றியுள்ள அடுக்குகளை, தடிப்பைப் போல் இருபது முதல் ஐம்பது மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து, எடுத்த ஒவ்வோர் அடுக்குக்கும் ஈடாக அதே திசையில் நாரை இட்டு, ஈரமற்ற அறையில் உரிய வெப்பத்தில் இறுக விடவேண்டும். தொடக்ககாலக் கண்ணாடி நார்க் கிளைடர்களைச் செய்த குடும்பத்தைச் சேர்ந்த உர்சுலா ஹென்லே என்னும் ஜேர்மனியப் பெண்மணி இவ்வேலையை விளக்கி எழுதிய கைநூல், கழகங்களின் பட்டறைகளிற் பிசின் கறை படிந்து கிடந்தது. சரிவரச் செய்த ஒட்டு மூல அடுக்கின் வலிமையைப் பெரும்பாலும் மீட்டுத் தரும். உலோகத்திற் பெறுவதற்கரிய நன்மை இது.

1969இல், பல்வைத்தியரான லியோ வின்டெக்கர் ரெக்சாசிலே செய்த ஈகிள், அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்ற முதலாவது கூட்டுப்பொருள் விமானமாயிற்று. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே செய்யப்பட்டன; ஒன்று சிமித்சோனியன் விமான நூதனசாலையில் இருக்கின்றது. அதே காலத்தில் ஜேர்மனியிலே செய்யப்பட்ட லிபெல்லே கிளைடர்கள் பல நூதனசாலைக்குச் செல்லவில்லை. ஐம்பது ஆண்டு தாண்டிய அவை வார இறுதிகளிற் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளப்படுகின்றன. மேற்பூச்சு இரண்டாம் முறை இடப்பட்டிருக்கும். உத்தரத்தின் சுவடு சிறகின் மேற்பரப்பில் மெல்லிய மேடாகத் தெரியும். பறந்து முடிந்ததும் சொந்தக்காரர் ஈரத்துணியாற் பூச்சிகளைத் துடைத்து, வெண்துணி உறையைச் சிறகின்மேல் இழுத்து மூடி, கையேட்டைத் திறந்து அன்றைய மணிக்கணக்கை எழுதுகின்றார். அதன் கீழே, சக்கரம் கல்லொன்றில் ஏறியதையும் அவர் குறித்து வைக்கின்றார்.